தண்டர்பேர்டும் பல்கலைக்கழக மெயிலும்: ஒரு சின்ன வரலாறு

போன ஜனவரியில், நான் ஆய்வு மாணவியாக இருந்த பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று வரியில் ஒரு மெயில் வந்தது. பழைய மாணவர்களின் கணக்குகள் மார்ச் 31-ஆம் தேதியோடு மூடப்படும். தேவையானவற்றை அதற்குள் இறக்கிக்கொள்ளவும். சந்தேகங்களுக்குக் கணினி மையத்தை அணுகவும்.

முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கை நான் வாரத்துக்கு ஒருமுறை திறந்தாலே அதிகம். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: என் கைடு எனக்கு எழுதின எல்லாமே அதுக்குள்ளதானே இருக்கு! அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. ராமநாதபுரம் சீமையின் கண்மாய்கள் பற்றிய என் ஆய்வேட்டுக்கு இயல் இயலாக அவர் எழுதிய திருத்தங்கள், "இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விகள், சில நேரம் இரண்டே வார்த்தையில் ஒரு திட்டு. காகிதத்தில் ஒன்றுகூட இல்லை. ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டுப் பரணில் தாள் தேடுகிற எனக்கு, என் சொந்தத் தாள்கள் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று யோசிக்கத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையிலேயே தண்டர்பேர்டை மடிக்கணினியில் நிறுவினேன். மொத்தம் 11 ஜிபி. பிரவுசரில் ஒவ்வொன்றாகத் திறந்து சேமித்தால் ஆயுசு முடிந்துவிடும். மெயில் மென்பொருள் ஒன்றைக் கணக்கோடு இணைத்து மொத்தத்தையும் வீட்டுக்கு இழுத்து வருவதுதான் வழி. ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன். பதினாறு நாள் ஆச்சு. அந்தப் பதினாறு நாளில் படித்ததும் தோண்டியதும்தான் இந்தப் பதிவு.

தண்டர்பேர்டைத் திறந்ததும் பெயர், முகவரி, பாஸ்வேர்ட் என்று மூன்று கட்டம் மட்டும் வரும். மற்றதை அதுவே தேடிப் பார்க்கும். உங்கள் நிறுவனத்தின் சர்வரில் அமைப்புக் கோப்பு ஏதும் இருக்கிறதா என்று முதலில் கேட்கும், இல்லையென்றால் தன்னிடம் உள்ள பொதுப் பட்டியலில் பார்க்கும். நானோ 'கைமுறை அமைப்பு' என்பதை அழுத்திவிட்டேன். உடனே ஜன்னல் விரிந்து நெறிமுறை, சர்வர் பெயர், போர்ட் எண், பாதுகாப்பு, அடையாளச் சரிபார்ப்பு என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தது. எரிச்சலோடுதான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கல்வெட்டு படிப்பவருக்கு எழுத்தின் வளைவிலேயே நூற்றாண்டு தெரிகிற மாதிரி, ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு காலத்தைச் சொல்வது தெரிந்தது.

முதல் கட்டம் நெறிமுறை. பாப்-ஆ, ஐமேப்-ஆ? இந்தக் கேள்வியில் நான் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவள். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம்தான் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை வகுத்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் எப்படிப் போக வேண்டும் என்பது அதன் வேலை. அவர் இருந்தது தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில். அந்தக் காலத்தில் பயனாளர்கள் எல்லோரும் ஒரே பெரிய கணினியில் டெர்மினல் வழியாக உட்கார்ந்திருப்பார்கள். கடிதம் அந்தக் கணினிக்கு வந்து சேர்ந்தால் போதும், வேலை முடிந்தது. மேசைக்கு மேசை தனிக் கணினி வந்தபோதுதான் சிக்கல். சாயங்காலம் ஆறு மணிக்கு அணைத்துவிட்டுப் போகிற பெட்டிக்கு நடுராத்திரி கடிதம் வந்தால் யார் வாங்கி வைப்பது?

அதே நிறுவனத்தில் இருந்த ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் 1984 அக்டோபரில் ஆர்எஃப்சி 918-இல் இதற்கு விடை எழுதினார். எப்போதும் விழித்திருக்கும் ஒரு பெரிய கணினி கடிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளும். உங்கள் சின்னக் கணினி வந்து எடுத்துக்கொண்டு போகும். பெயரே தபால் ஆபீஸ் நெறிமுறை. அதன் ஆங்கில எழுத்துகள்தான் பாப். நாம் இன்றைக்கும் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பு 1988 நவம்பரில் வந்தது.

தபால் ஆபீஸ் என்ற உவமையிலேயே எல்லாம் இருக்கிறது. கடிதத்தை வாங்கி வந்த பிறகு போஸ்ட்மாஸ்டரிடம் அதன் நகல் இருக்காது. நெறிமுறைப்படி, அழிக்கச் சொல்லி உங்கள் மென்பொருள் ஆணையிட்டு, ஒழுங்காக விடைபெற்றுக்கொண்ட பிறகுதான் சர்வர் அழிக்கும். நடுவில் லைன் அறுந்தால் எதுவும் போகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அழிக்கச் சொல்வதே பெரும்பாலான மென்பொருட்களின் இயல்பாக இருந்தது. பல்கலைக்கழகக் கணினி மையங்களுக்கும் அது வசதி. டிஸ்க் விலை அதிகம், மாணவர்கள் ஆயிரக்கணக்கில். அவரவர் கடிதத்தை அவரவர் எடுத்துக்கொண்டு போனால் சரி.

நான் 2001-இல் சேர்ந்தபோது எங்கள் துறையில் ஆய்வு மாணவர்கள் எல்லோருக்குமாக ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் யுடோரா இருந்தது. ஆளுக்கு ஒரு ஃபோல்டர். சர்வரில் ஆளுக்கு 10 எம்பி இடம். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினார். 'சர்வரில் பிரதியை விட்டுவை' என்று ஒரு சின்ன டிக். அதை எடுத்துவிட்டார். "வெச்சா ரெண்டு மாசத்துல ரொம்பிடும்மா, அப்புறம் புதுசு எதுவும் வராது," என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. 2003 ஐப்பசி மழையில் இடி இறங்கி அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போனது. இரண்டு வருடக் கடிதம் அதோடு போச்சு.

யுடோராவைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பேன் வளாகத்தில் ஸ்டீவ் டார்னர் என்ற ஊழியர் எழுதியது. மெயில், மெயில் என்று நாள் முழுக்க அதிலேயே கிடந்தவருக்கு, யுடோரா வெல்டி என்ற அமெரிக்க எழுத்தாளரின் சிறுகதை ஒன்று நினைவுக்கு வந்ததாம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, தான் வேலை பார்க்கும் தபால் ஆபீசுக்கே குடிபோய்விடும் ஒரு பெண்ணின் கதை அது. அந்த எழுத்தாளரின் பெயரையே மென்பொருளுக்கு வைத்துவிட்டார். பிறகு குவால்காம் நிறுவனம் அதை வாங்கி வளர்த்து, 2006-இல் கைவிட்டது. மூல நிரல் 2018-இல் கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாகப் பொதுவுக்கு வந்தது.

ஐமேப் பிறந்ததும் ஒரு பல்கலைக்கழகத்தில்தான். 1986, ஸ்டான்ஃபோர்ட், மார்க் கிறிஸ்பின். முதல் வடிவம் ஓடியது, செராக்ஸ் லிஸ்ப் கணினி ஒரு பக்கமும் டாப்ஸ்-20 என்ற பெரிய கணினி மறுபக்கமுமாக. அவருடைய யோசனை தபால் ஆபீசுக்கு நேர் எதிரானது. கடிதம் சர்வரிலேயே இருக்கட்டும். நீங்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்து பாருங்கள். படித்தது, படிக்காதது, எந்த ஃபோல்டர் என்ற குறிப்பும் அங்கேயே இருக்கட்டும். காலையில் லேப், மதியம் நூலகம், ராத்திரி விடுதி என்று இடம் மாறுகிற வளாக வாழ்க்கைக்கு இதுதான் பொருந்தும். சொல்லப்போனால் பாப் தபால் ஆபீஸ் என்றால் ஐமேப் ஒரு நூலகம்: உள்ளே உட்கார்ந்து படிக்கலாம், புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். நூலகம் இழுத்து மூடப்பட்டால் என்ன ஆகும் என்பது அப்போது யாருக்கும் கேள்வியாகத் தோன்றியிருக்காது.

கிறிஸ்பின் வேடிக்கையான ஆள். 1978 ஏப்ரல் 1-ஆம் தேதி, தரவைத் தாறுமாறாகத் தொலைக்கும் வசதி ஒன்றை டெல்நெட்டில் சேர்க்கலாம் என்று முழு அலுவல் நடையில் ஓர் ஆர்எஃப்சி வெளியிட்டவர். இணைய ஆவண வரிசையில் முட்டாள்கள் தின நையாண்டி அதிலிருந்துதான் தொடங்குகிறது. தொலைப்பதைப் பற்றி நையாண்டி எழுதியவர்தான், கடைசியில் கடிதத்தைத் தொலைக்காமல் வைத்திருக்கும் நெறிமுறைக்கு வாழ்நாளைக் கொடுத்தார். 1988-இல் அவர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பைன் என்ற மெயில் மென்பொருள் உருவானது. கணினி தெரியாத அலுவலக ஊழியர்களும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகத் திரையின் அடியில் எப்போதும் கட்டளைகளைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இப்படிப் பட்டியல் போட்டால் நீளும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் நோவெல் நெட்வொர்க் போட்டார்கள், மெயில் வசதி அதோடு வரவில்லை. அங்கே இருந்த டேவிட் ஹாரிஸ் தானே ஒன்று எழுதி 1990-இல் இலவசமாக வெளியிட்டார். அதுதான் பெகாசஸ் மெயில். சர்வர் பக்கம் பார்த்தால் செண்ட்மெயில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதியது. எக்சிம் 1995-இல் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் எழுதியது. சைரஸ் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. இவர்கள் யாரும் மெயிலை விற்க உட்காரவில்லை. தங்கள் வளாகத்துக்கு ஒன்று தேவைப்பட்டது, செய்தார்கள், மற்ற வளாகங்களுக்கும் கொடுத்தார்கள்.

இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு, ஆனால் இங்கேயும் கல்வி நிறுவனங்கள்தான் முதலில். 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியோடு எர்நெட் திட்டத்தைத் தொடங்கியது. பம்பாயின் என்சிஎஸ்டி, பெங்களூரு ஐஐஎஸ்சி, டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐஐடிகள். ஆரம்பத்தில் டயல்-அப் தொலைபேசி வழியாக மெயில் மூட்டை மூட்டையாகப் போகும். 1989-இல் பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்கு நிரந்தர லைன் வந்தது: நொடிக்கு 9,600 பிட். நாட்டின் மொத்தக் கல்வி உலகத்துக்கும் அந்த ஒரு குழாய்! பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதுவரை மெயில் முகவரி இருக்கிறது என்றாலே ஏதோ ஒரு ஆய்வு நிறுவனத்து ஆள் என்று பொருள். முகவரியின் வாலில் 'எர்நெட் டாட் இன்' என்று இருக்கும். அந்த வாலைப் பெருமையாக விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்த பேராசிரியர்களை நானே பார்த்திருக்கிறேன்.

போர்ட் எண்களை வேகமாகக் கடந்துவிடுவோம். 25 என்பது எஸ்எம்டிபியின் பழைய வாசல். யார் வேண்டுமானாலும் வந்து, யார் பெயரில் வேண்டுமானாலும் கடிதம் போடலாம். ஒருவருக்கொருவர் தெரிந்த வளாகங்களுக்குள் அது போதுமாயிருந்தது. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட புழு, செண்ட்மெயிலில் சோதனைக்காக விட்டுவைத்திருந்த ஒரு கதவையும் பயன்படுத்தித்தான் பரவியது. அதற்குப் பிறகு ஸ்பாம் வெள்ளம். ஆகவே 1998 டிசம்பரில், கடிதம் அனுப்புகிற பயனாளர் தன்னை யாரென்று காட்டிவிட்டு நுழைய 587 என்று தனி வாசல் வைத்தார்கள். 465-இன் கதை தமாஷ்: குறியாக்கத்தோடு அனுப்புவதற்கென்று 1990-களில் ஒதுக்கி, சீக்கிரமே திரும்பப் பெற்று, ஆனாலும் ஊரே அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்ததால் 2018-இல் ஆர்எஃப்சி 8314 வழியாக மறுபடி அங்கீகாரம் கொடுத்தார்கள். ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995. இன்றைக்கு 25-ஐயோ 143-ஐயோ போடச் சொல்லி யாராவது பழைய குறிப்பு கொடுத்தால் நம்பாதீர்கள்.

நான் உண்மையில் தடுக்கிக்கொண்டது சர்வர் பெயர் என்ற கட்டத்தில். என்னிடம் 2001-இன் பழைய டைரி இருக்கிறது. அதில் சர்வர் பெயராக எழுதியிருப்பது, பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன்னால் 'மெயில்' என்று ஒரு சொல். அந்தச் சர்வர் இருந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளம், ஏ.சி. சத்தம், வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். இப்போது நிரப்பச் சொன்ன பெயரில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. ஒரு வெளி நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. முகவரியில் @ குறிக்குப் பின்னால் மட்டும் பழைய பெயர் தொங்கிக்கொண்டிருக்கிறது, சொத்து கைமாறின பிறகும் வீட்டு வாசலில் தாத்தாவின் பெயர்ப் பலகை இருக்கிற மாதிரி.

இந்தக் கைமாற்றம் நடந்த காலம் தெளிவாகவே தெரியும். 2006 அக்டோபரில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாணவர் மெயிலைக் கூகுளின் கல்விச் சேவைக்கு மாற்றத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டும் அதே காலத்தில் கல்வி நிறுவனங்களுக்கு இலவச மெயில் கொடுத்தது. 2012-இல் அது ஆஃபீஸ் 365-க்குள் போனது. எந்தத் துணைவேந்தராக இருந்தாலும் ஒப்புக்கொள்கிற பேரம் அது. சர்வர் செலவு இல்லை, ஸ்பாம் தொல்லை இல்லை, ராத்திரி எழுந்து ஓட வேண்டியதில்லை. ஐமேப்பின் தாய்வீடு மாதிரி இருந்த வாஷிங்டன் பல்கலைக்கழகமே பின்னால் மெயிலைக் கூகுளுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் கொடுத்தது. கிறிஸ்பினுக்கு அங்கே 2008-இல் வேலை போனது. 2012 டிசம்பரில் காலமானார்.

இலவசத்துக்கு எல்லை வந்தது 2021-இல். அளவில்லாமல் கொடுத்துவந்த இடத்தை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது. ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் அடிப்படை. 20,000 பேர் உள்ள பல்கலைக்கழகம் என்றால் தலைக்கு 5 ஜிபி, அதுவும் கோப்புகள், காணொளிகள் எல்லாம் சேர்த்து. இடத்தைச் சுருக்கச் சொன்னால் எந்த நிர்வாகமும் முதலில் யாரைப் பார்க்கும்? போய்விட்டவர்களைத்தான். எனக்கு வந்த மூன்று வரியின் வேர் அதுதானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அதே மூன்று வரியை அந்தக் காலத்துக்குப் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ பழைய மாணவர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

கடைசிக் கட்டம் அடையாளச் சரிபார்ப்பு. நான் பழைய பழக்கத்தில் 'சாதாரண பாஸ்வேர்ட்' என்று தேர்ந்தெடுத்தேன். சரியான பாஸ்வேர்ட்தான், ஆனால் தவறு என்றே வந்தது. மூன்று முறை மாற்றிப் பார்த்து, ஒரு நாள் வீணானது. விஷயம் என்னவென்றால், பெரிய நிறுவனங்கள் மெயில் மென்பொருளிடமிருந்து நேரடியாகப் பாஸ்வேர்ட் வாங்குவதையே நிறுத்திவிட்டன. தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே 30-இலும், ஐமேப், பாப் வழிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் 1 முதலும் அதை மூட ஆரம்பித்தன. இப்போது தேர்ந்தெடுக்க வேண்டியது ஓஆத் 2. தண்டர்பேர்ட் ஒரு சின்ன பிரவுசர் ஜன்னல் திறக்கும். அதில் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கமே வரும். அங்கே நீங்கள் பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்தால், தண்டர்பேர்டுக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். ஆவணக்காப்பகத்தில் கொடுக்கும் வாசகர் சீட்டு மாதிரி. எந்த அறைக்குள் போகலாம், எத்தனை நாள் என்பது அதில் இருக்கும். கட்டடத்தின் சாவி உங்கள் கைக்கு வராது. பாதுகாப்பு என்ற அளவில் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சீட்டு கொடுக்கலாமா என்று முடிவு செய்பவர் யார்? எனக்கு வந்த திரையில் 'நிர்வாகியின் ஒப்புதல் தேவை' என்று இருந்தது. கணினி மையத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், வெளி ஆப் எதையும் நாங்க அனுமதிக்கிறதில்ல. பிரவுசர்லயே பாத்துக்கலாமே?"

"பாக்கறதுக்கு இல்லைங்க, எடுத்துக்கணும். நீங்கதானே இறக்கிக்கச் சொல்லி மெயில் அனுப்பினீங்க?"

"ஆமாங்க மேடம்… அது பொதுவா எல்லாருக்கும் போனது. நீங்க துறைத்தலைவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்களேன், பாப்போம்."

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இணைப்பைக் கொடுக்கிற பொத்தான் அவரிடம் இல்லை. அவருக்கு மேலே இருப்பவரிடமும் சர்வர் இல்லை, ஒரு நிர்வாகத் திரை மட்டும்தான். துறைத்தலைவர் எனக்கு ஜூனியர். "அக்கா, சாரோட லெட்டர்ஸ்னு சொன்னா நான் தராம இருப்பேனா," என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். அதுக்கும் மேலே ஒன்பது நாள் ஆனது.

அனுமதி வந்ததும் ஐமேப் போட்டு இணைத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை, உங்களில் யாருக்காவது இதே நிலைமை வந்தால் உதவும். ஐமேப்பில் இறக்கினால் கடிதங்கள் உங்கள் கணினியில் இருக்கிற மாதிரி தெரியும், ஆனால் அது சர்வரின் நிழல். அங்கே அழிந்தால் இங்கேயும் அழியும். கணக்கை நீக்கினால் சேர்ந்தே போகும். கணக்கு அமைப்பில் 'இந்தக் கணினியில் கடிதங்களை வைத்திரு' என்பது டிக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாம் இறங்கின பிறகு, ஃபோல்டர் ஃபோல்டராக 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுங்கள். அதற்குப் பிறகுதான் அவை உங்களுடையவை. இன்னொன்று, எங்கள் சர்வர் ஒரு நாளைக்கு 2,500 எம்பிக்கு மேல் ஐமேப் வழியாகத் தராது. 11 ஜிபிக்கு ஐந்து நாள். மார்ச் 31-க்கு முந்தைய வாரம்தான் தொடங்கியிருந்தால் கதை கந்தல்.

இறங்கினவற்றில் 2010-க்குப் பிந்தையவை எல்லாம் இருந்தன. 2003 கடைசியிலிருந்து 2010 வரைக்கும் உள்ளவை, வெளி நிறுவனத்துக்கு மாறியபோது பெயர்த்து வைத்ததில் பெரும்பாலும் தப்பியிருந்தன. 2001 முதல் 2003 வரை எதுவும் இல்லை. இருக்காது என்று தெரியும், இருந்தாலும் தேடினேன்.

அப்புறம் பீரோவின் அடித்தட்டில் ஒரு சி.டி. 2002 ஆகஸ்டில் துறைக் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணுவதற்கு முன்னால், அதே லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஆளுக்கொன்றாக எரித்துக் கொடுத்தது. மேலே மார்க்கர் பேனாவில் என் பெயர். ஆய்வேட்டுக் கோப்புகள் மட்டும் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெளி சி.டி. டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தால், உள்ளே யுடோரா ஃபோல்டரும் அப்படியே இருக்கிறது.

யுடோரா கடிதங்களை எம்பாக்ஸ் வகையில் சேமிக்கும். யூனிக்ஸ் காலத்து வடிவம் அது: ஒரே நீளமான எழுத்துக் கோப்பு, ஒவ்வொரு கடிதமும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் ஒரு வரியில் ஆரம்பமாகும். தண்டர்பேர்டும் உள்ளே அதே வகையைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு இறக்குமதி நீட்சியைப் போட்டதும், இருபத்து சொச்சம் வருடப் பழைய கோப்பு சண்டை போடாமல் திறந்துகொண்டது. 312 கடிதங்கள்.

ஆனால் படிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் உள்ளவை சரி. சார் தமிழில் எழுதியவை எல்லாம் மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்தன. அவர் முரசு அஞ்சலில் தட்டச்சு செய்வார், டிஸ்கி குறியாக்கத்தில். யூனிகோடில் தமிழ் 1991-லேயே சேர்ந்துவிட்டது, ஆனால் நம் கணினிகளுக்கு அது வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை, ஆங்கிலத்துக்குப் போக மீதியிருந்த 128 இடங்களில் தமிழை அடைத்து, எழுத்துருவை மாற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். யுடோராவில் எழுத்துருவை மாற்றினால் போதும். இப்போதைய மென்பொருள் அதை மேற்கத்திய எழுத்தென்றே நம்புகிறது. போதாக்குறைக்கு, 'கொ' என்று எழுத டிஸ்கியில் கொம்பு முன்னால், மெய் நடுவில், கால் பின்னால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். யூனிகோடில் உயிர்க்குறி முழுதும் மெய்க்குப் பின்னால். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். நல்லவேளை, இதற்கென்று மாற்றிகள் எழுதி வைத்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து 312-இல் தமிழாக இருந்த 94-ஐயும் மாற்றினேன்.

2002 ஆகஸ்டிலிருந்து 2003 ஐப்பசி வரைக்குமானது கிடைக்கவில்லை. என் ஐந்தாம் இயல் முழுக்க அந்தக் காலத்தில் எழுதியது. அது போனது போனதுதான்.

கிடைத்தவற்றில் 2002 பிப்ரவரிக் கடிதம் ஒன்று. நான்காம் இயலைப் பற்றியது. கண்மாய்களின் எண்ணிக்கையை நான் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கொடுத்திருக்கிறேன், எது சரி என்று கேட்டுவிட்டு, அடுத்த பத்தியை ஆங்கிலத்தில் தொடங்குகிறார்: "ஃப்ரம் ராம்நாடு மேனுவல்…" என்று. அந்த வரிக்கு முன்னால் மட்டும், அவர் போடாத ஒரு அம்புக்குறி நிற்கிறது. கடிதத்தின் நடுவில் ஒரு வரி 'ஃப்ரம்' என்று தொடங்கினால், அது அடுத்த கடிதத்தின் தொடக்கம் என்று எம்பாக்ஸ் குழம்பிவிடும். அதைத் தவிர்க்க யூனிக்ஸ் சர்வர்கள் அப்படி ஒரு குறியைச் செருகும். தரைத்தளத்து அறையில் இருந்த அந்த மெயில் சர்வர் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். சர்வரும் இல்லை, அந்த அறை இப்போது சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன் கொடுக்கிற இடம் என்று ஜூனியர் சொன்னாள்.

குறியை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். சார் சந்தேகப்பட்டது சரிதான், இரண்டாவது இடத்தில் இருந்தது தப்பு. ஆய்வேட்டில் அது அப்படியே அச்சாகியிருக்கிறது.